பலகாரம் சுட்டவருக்கும் ஒரு வசனம்

குடும்ப ஜெபத்தில் பைபிளின் ஒன்று நாளாகமம் புத்தகம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். முதல் 9 அதிகாரமும் பெரும்பாலும் பெயர்கள்தான். பாட்டா விடமாட்டார். "வாசி மக்களே, அவியளும் மனுசங்கதானே" என்பார்.

எனக்கு அதில் பிடித்தவர் மத்தித்தியா. ஒன்பதாம் அதிகாரம், 31-ம் வசனம். ஆலய ஊழியம் செய்த லேவியர் கோத்திரத்தார், எருசலேம் ஆலயத்துக்குச் சட்டியில் பலகாரம் சுடுவது அவர் பொறுப்பு. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களைக் கணக்கெடுக்கும்போது ஆசாரியரோடு இவரையும், வாசல் காத்த 212 பேரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். குமரி மாவட்டம் மயிலாடியில் 1809-ல் எழும்பிய ஆலயம் என்றால் நமக்கு மிஷனரி ரிங்கல்தௌபே, அவரை அழைத்துவந்த வேதமாணிக்கம் பெயர்கள் தெரியும். கல் சுமந்தவர்கள்? அதை விடுங்கள், போன அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, விடிய விடிய அடுப்படியில் நின்றவர்கள் பெயர் எந்த அறிக்கையில் இருக்கிறது?

அப்புறம் மத்தேயு சுவிசேஷத்தின் தொடக்கத்தில் வரும் இயேசுவின் வம்சப் பட்டியல். மத்தேயு அதில் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்களைத் தாண்டிப் போகிறார். ஆனால் மாமனாரிடம் பிள்ளை பெற்ற தாமாரை விடவில்லை, எரிகோவின் வேசி ராகாபை விடவில்லை, வேற்று இனத்தாளான மோவாபிய ரூத்தையும் விடவில்லை. தாவீது அபகரித்த பெண்ணை 'உரியாவின் மனைவி' என்று அப்படியே சொல்லி, தாவீதின் பாவத்தையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறார். நம்மூரில் குடும்ப வரலாறு அச்சடிப்பவர்கள் நேர் எதிராகச் செய்வார்கள்; டாக்டர் மாமா முதல் பக்கத்தில், சாதி மாறிக் கட்டின அத்தை எங்கேயும் இல்லை.

ஜெபத்தில் இந்தப் பகுதியை மெதுவாக வாசிக்கிறேன். ராகாப் வரும்போது அந்த அத்தைக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிப்பேன். அம்மாவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது.