பெருங்குடல் புற்றுநோய்: ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா?

ரோபோ தானாக எதையும் வெட்டாது. கன்சோலில் (ரோபோவை இயக்கும் கட்டுப்பாட்டு மேசையில்) உட்கார்ந்திருக்கும் சர்ஜனின் விரலசைவுதான் உள்ளே நடக்கிறது. லேப்ராஸ்கோப்பி என்பது கேமராவைப் பார்த்தபடி நீளக் கருவிகளை சர்ஜன் நேரடியாகக் கையால் பிடித்துச் செய்யும் அறுவை. இரண்டு முறையிலும் வயிற்றை கார்பன் டை ஆக்சைடால் உப்பவைத்து, சிறு துளைகள் வழியாகத்தான் வேலை. வெட்டிய குடலை வெளியே எடுக்க எப்படியும் சில சென்டிமீட்டர் கீறல் உண்டு. 'தழும்பே இருக்காது' என்பதெல்லாம் விளம்பரம்.

வித்தியாசம் மணிக்கட்டில். லேப்ராஸ்கோப்பிக் கருவி பெரும்பாலும் நேரான குச்சி; ரோபோ கருவியின் நுனி மடங்கித் திரும்பும். வலப்பக்கப் பெருங்குடலை நீக்கியபின் சிறுகுடலை மீதிக் குடலோடு வயிற்றுக்குள்ளேயே தைக்கும்போது இது கைகொடுக்கும். ஆனால் பல ரோபோக்களில் தொடுஉணர்வு கிடையாது. நூலின் இறுக்கத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் நூல் அறும், திசு கிழியும். ரோபோவில் நேரமும் செலவும் பொதுவாக அதிகம்.

மலக்குடல் புற்றுக்கு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ரோலார் ஆய்வில் 471 பேர். வயிற்றைப் பெரிதாகக் கீறித் திறக்கும் அறுவைக்கு நடுவில் மாற நேர்ந்தது ரோபோவில் 8.1%, லேப்ராஸ்கோப்பியில் 12.2%, புள்ளியியல்படி இது உறுதியான வித்தியாசம் இல்லை.

என்னைக் கேட்டால், மெஷினைவிட சர்ஜனின் அனுபவத்தை விசாரியுங்கள். அறுவைக்குப் பிறகு பேத்தாலஜி அறிக்கையை (வெட்டியெடுத்த திசுவின் பரிசோதனை முடிவை) பாருங்கள்: புற்று பரவியிருக்கிறதா என்றறிய குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளாவது பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.