டஸ்ட் ரூம் நாட்குறிப்பு

ஜூன் 30, 2025, திங்கள்

நியோடிமியம் ஆக்சைடு தூளை மூச்சுல இழுத்தா நுரையீரல் என்னாகும்னு பாக்கற ஸ்டடி, அதுக்கு எலிங்களுக்கு டியூப் பழக்க ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு அரை மணி நேரம், நாளைக்கு ஒரு மணி, இப்படியே கூட்டிக்கிட்டே போகணும். ஒவ்வொண்ணா குழாய்க்குள்ள விட்டு பின்னாடி அடைப்பை மாட்டினா முன்னாடி மூக்கு மட்டும் எட்டிப் பாக்கும், வால் வெளிய தொங்கும். சிலது பத்து நிமிஷத்துல தூங்கிடுது, சிலது கடைசி வரைக்கும் திரும்பப் பாக்குது, திரும்ப இடம் கிடையாது.

பெண் எலி எல்லாம் குட்டி போடாததா, சினை இல்லாததா இருக்கணும்னு ஓஈசிடி 412ல இருக்கு, இந்த மாதிரி சுவாசிக்க வெக்கிற ஸ்டடிக்கான சர்வதேச விதிமுறை அது. செக்லிஸ்ட்ல அந்தக் கட்டத்துக்கு நேரா என் கையெழுத்து.

ஜூலை 1

ஏழு நாள் ஆச்சு. இன்னும் இல்ல.

ஜூலை 2, புதன்

நியோடிமியம் ஆக்சைடு டப்பா திறந்தாச்சு. டியூப்லைட்டுக்குக் கீழ சாம்பல் கலந்த நீலம், ஜன்னல் பக்கம் கொண்டு போனா கத்தரிப்பூ சாயல். ரெண்டு நிமிஷம் அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்துட்டு டக்குனு மூடி போட்டேன், திறந்து வெச்சா காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். ஓசூர்ல இருந்து வரும்போதே அத்திப்பள்ளி வரைக்கும் மழை.

எலி டியூப் எல்லாம் மாட்டி தூள் காத்தை விடுற டவர்ல, எலி இல்லாம வெறுமனே ட்ரையல் ஓட்டினோம். துகள் வேண்டியது 2 மைக்ரானுக்குள்ள, காத்துல போற துகளோட அளவு பாக்கற இம்பாக்டர் 3.1 காட்டுது. மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒரு மைக்ரான் சொச்சம்தான் இருக்கு. மஞ்சுநாத் "மிஷின்தான் தப்பு மேடம்"ங்கிறான். மிஷின் தப்பில்லடா, இதோட அடர்த்தி 7.2, ஒரு மைக்ரான் துகள் காத்துல போகும்போது 2.7 மைக்ரான் மாதிரி நடந்துக்கும்னு வெள்ளைத் தாள்ல வர்க்கமூலம் எல்லாம் போட்டுக் காட்டினேன். பாவம், தலையாட்டினான். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா கனம்.

ஜூலை 3

வீட்ல ரெண்டு கோடு. இவர்கிட்ட மட்டும் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

மாஸ்க் ஃபிட் டெஸ்ட். தலைக்கு மேல ஒரு பை மாதிரி மூடி, அதுக்குள்ள கசப்புத் தண்ணிய ஸ்ப்ரே பண்ணுவாங்க, மாஸ்க் சரியா உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாது, லீக் இருந்தா நாக்குல கசக்கும். ஒரு பாராவை சத்தமா படிச்சுக்கிட்டே தலையை இப்படி அப்படி ஆட்டணும். "கசக்குதா?"ன்னு சேஃப்டி பையன் கேட்டான்.

எனக்கு ஒரு வாரமா எல்லாமே கசக்குது. காப்பி கசக்குது, தண்ணி கசக்குது, காலைல எழுந்தா பழைய காசை வாய்ல போட்ட மாதிரி இருக்கு. இப்ப இது மாஸ்க்கா என் வாயான்னு நான் எப்படிச் சொல்றது. "இல்ல"ன்னு சொன்னேன். பாஸ்னு எழுதிட்டான்.

பஸ்ல வரும்போது முழுக்க அதையே யோசிச்சேன், கசந்துச்சா இல்லையா, ஸ்ப்ரே அடிக்கிறதுக்கு முன்னாடியே கசந்துச்சா பின்னாடி கசந்துச்சா. மறுபடி டெஸ்ட் எடுன்னு கேட்டா ஏன்னு கேப்பான். ஏன்னு சொன்னா டஸ்ட் ரூம்ல இருந்து தூக்கிடுவாங்க, ரெண்டு மாசமா நான் இழுத்துட்டு வந்த ஸ்டடி இன்னொருத்தர் பேருக்குப் போகும், செப்டம்பர்ல கான்ட்ராக்ட் ரினியூவல் வேற. போன தடவை சீக்கிரமே எல்லார்கிட்டயும் சொல்லி, அப்புறம் எல்லார்கிட்டயும் திரும்பச் சொன்னேனே, அது போதும்.

ஜூலை 7, திங்கள்

முதல் நாள் எக்ஸ்போஷர். ஆறு மணி நேரம், வாரம் அஞ்சு நாள், நாலு வாரம். டவருக்கு முன்னாடி சைக்ளோன் வெச்சு பெரிய துகள் எல்லாம் கழிச்சதுல 1.8க்கு வந்துடுச்சு, ஸ்டடி டைரக்டர் எஸ்டி சார் முகத்துல சிரிப்பு. காத்துல எவ்வளவு தூள் இருக்குன்னு பாக்க மணிக்கொரு தடவை ஃபில்டர் மாத்தி எடை. மூணாவது மணி நேரத்துல ஃபீடர்ல அமுக்கி வெச்ச பவுடர் கட்டை விரிசல் விட்டு பொத்துனு மொத்தமா விழுந்து கான்சன்ட்ரேஷன் ஏறிப்போச்சு, 20 சதவீதத்துக்குள்ள இருக்கணுமே, நல்லவேளை 17ல நின்னுச்சு.

சாயந்தரம் வெளிய எடுக்கும்போது ரெண்டு எலிக்கு மூக்கைச் சுத்தி சிவப்பு. புதுசா வந்த ரம்யா ரத்தம்னு பதறிட்டா. ரத்தம் இல்ல, கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற சுரப்பில இருந்து வர்ற சாயம், பயந்தா, அடைச்சு வெச்சா வடியும், துடைச்சா போயிடும்னு சொல்லிக் குடுத்தேன். கன்ட்ரோல் குரூப்புக்கும் வந்திருந்துச்சு. வெறும் காத்துதான் அதுங்களுக்கு.

ஜூலை 9

அம்மா போன். ஒண்ணுமே சொல்லல நான். "என்ன மக்ளே சத்தம் ஒரு மாதிரி இருக்கு, பப்பாளி ஏதும் தின்னியா"ங்கிறா. எப்படித்தான் தெரியுமோ.

ஜூலை 13, ஞாயிறு

தூங்கி எழுந்து தூங்கினேன். இவருக்கு வாரம் நாலு நாள்தான் ஷிப்ட், ஏப்ரல்ல சைனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதுல இருந்து மோட்டாருக்கு மேக்னட் வரல, லைன் பாதி நிக்குது. அந்த மேக்னட்லயும் இதே நியோடிமியம்தான். இவருக்கு அது இல்லாம வேலை இல்ல, எனக்கு அது ரூம் பூரா இருக்கு. சிரிச்சோம், அப்புறம் கரண்ட் பில் பாத்தோம்.

சின்ன வயசுல மணவாளக்குறிச்சி கடற்கரைல கருப்பு மணலை காந்தத்துல ஒட்டி விளையாடுவோம். அதுல ஒட்டாம கீழ கிடக்கிற மஞ்சள் மணிதான் மோனசைட்டா இருந்திருக்கும், லேந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் அதுக்குள்ள, கூடவே தோரியம். 1909ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர் கப்பல்ல போன நம்ம ஊர்க் கயிறுல ஒட்டியிருந்த மணலைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாராம். தாத்தா இதை ஏதோ நம்ம வீட்டுச் சொத்து களவு போன மாதிரியே சொல்வாரு.

அந்த மணலைத் தின்னுருக்கேன் நான். அம்மா முதுகுல ஒண்ணு வெச்சது ஞாபகம் இருக்கு.

ஜூலை 16

வாந்தி. யாரும் பாக்கல.

ஜூலை 18, வெள்ளி

க்யூஏ ஆடிட், பதிவெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்கற தரச் சோதனை. ஒரு எண்ணை நான் அடிச்சு திருத்தின இடத்துல தேதியும் இனிஷியலும் இருக்கு, காரணம் இல்லையாம். "எழுதலேன்னா அது நடக்கலம்மா"ன்னு அந்த மேடம் சொன்னாங்க. எங்க தொழில்ல எல்லாரும் சொல்றதுதான். இன்னிக்கு மட்டும் சுருக்குனு இருந்துச்சு, பாத்ரூம் போய் உக்காந்துட்டு வந்தேன்.

டவரைக் கழட்டித் துடைக்கிற அந்த இருபது நிமிஷம்தான். ஓடும்போது உள்பக்கமா காத்து இழுக்கும், ஃபில்டர் வழியாத்தான் வெளிய போகும், அப்ப ஒண்ணும் இல்ல. கழட்டும்போதுதான். ஈரத்துணி போட்டுத்தான் துடைக்கிறோம். இருந்தாலும் ஸ்டீல் ஓரத்துல விரல் வெச்சா கிளவுஸ்ல நீலம்.

ஜூலை 19

சப்ளையர் குடுத்த சேஃப்டி ஷீட்டை மறுபடி படிச்சேன். 11வது பிரிவு. கருவுறுதல், கருவில் பாதிப்பு: தகவல் இல்லை. நேத்தும் அதான் இருந்துச்சு. இருக்காதுன்னு தெரிஞ்சுதானே நாங்க இந்த ஸ்டடியே பண்றோம், அதுலயும் நுரையீரல்தான் பாக்கறோம், மத்தது இதுல இல்ல.

ஜூலை 21, திங்கள்

ரம்யா கேட்டா, இந்த மாதிரித் தூளால மனுஷங்களுக்கு நுரையீரல்ல ஏதாவது வந்திருக்கான்னு. வந்திருக்கு. கண்ணாடி பாலிஷ் போடுறவங்க, கார்பன் ஆர்க் விளக்குல வேலை பாத்தவங்க, அந்தக் கார்பன் குச்சியோட நடுவுல ரேர் எர்த், அதாவது சீரியம், நியோடிமியம் வகையறா, இருக்கும், எரியும்போது புகை. வருஷக்கணக்கா சுவாசிச்சவங்களுக்கு எக்ஸ்ரேல புள்ளி புள்ளியா. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பெரிய மாமா ஞாபகம் வந்துச்சு, முப்பது வருஷம் தியேட்டர் ஆபரேட்டர், கேபினுக்குள்ள லுங்கியோட குச்சி மாத்துவாரு, இருமிக்கிட்டே இருப்பாரு. பீடின்னு எல்லாரும் சொன்னோம். பீடியும்தான்.

இன்னொண்ணு அவகிட்ட சொல்லல. நுரையீரல்ல தூசியை முழுங்கி சுத்தம் பண்ற செல், மேக்ரோஃபேஜ், இந்தத் தூளை முழுங்கினதும் உள்ள இருக்கிற அமிலத்துல கொஞ்சம் கரைஞ்சு, அந்த செல்லோட சொந்தப் பாஸ்பேட்டையே பிடுங்கிக்கிட்டு மறுபடி படியுமாம், சுத்தி முள்ளு முள்ளா. படம் பாத்திருக்கேன், அச்சு அசல் சக்கைப்பழம். வெளிய தள்ளவும் முடியாது.

ஜூலை 24

ஆடி அமாவாசை. லீவு கிடையாது. ஹை டோஸ் பெண் எலி ஒண்ணு எடை குறையுது, காதுல ரெண்டு வெட்டு இருக்கிறது. காலைல முதல்ல அதைத்தான் போய்ப் பாக்கறேன்.

ஜூலை 25

அதேதான். இன்னும் நாலு கிராம்.

ஜூலை 29, செவ்வாய்

ஸ்கேன். எட்டு வாரம் சொல்றாங்க, சத்தம் கேக்க வெச்சாங்க. போன தடவை இந்த இடத்துலதான் டாக்டர் ஸ்க்ரீனை அந்தப் பக்கம் திருப்பினாங்க. இந்தத் தடவை திருப்பல.

"வேலை என்னம்மா?"ன்னு கேட்டாங்க. "லேப்"னு சொன்னேன். "பிளட் டெஸ்டா?" "ஆமா."

ஜூலை 31

எஸ்டி சார்கிட்ட, வேலை பாக்கறவங்க எவ்வளவு சுவாசிக்கிறோம்னு ஆக்குபேஷனல் டேட்டா ஃபைல்ல ஒண்ணும் இல்ல சார், கிளீனிங்ல உடம்புல மாட்டிக்கிற பெர்சனல் சாம்ப்ளர் ஒண்ணு போட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். "நல்ல ஐடியா, யாருக்குப் போடலாம்?" எனக்கே போடுங்கன்னேன். ஏன் இந்த அக்கறைன்னு அவர் கேக்கல.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கடைசி எக்ஸ்போஷர். இடுப்புல பம்பு, காலர்ல ஃபில்டர் கேசட், மூக்குக்கு ஒரு சாண் கீழ. எலிக்கு மணிக்கொரு தடவை பண்ணினதை எனக்கு முதல் தடவையா பண்றேன். டவரை நானே கழட்டினேன். மஞ்சுநாத் "நான் பண்றேன் மேடம், நீங்க உக்காருங்க"ன்னான், அவன் அப்படி என்னைக்கும் சொன்னதில்ல. அவனுக்குத் தெரியுமோ.

ஃபில்டரை எடுத்துப் பாத்தா வெள்ளையாத்தான் இருக்கு. லைட்டுக்குக் கீழயும் பாத்தேன், ஜன்னல்லயும் பாத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

நெக்ராப்ஸி, எலிங்களைக் கொன்னு அறுத்துப் பாக்கற நாள். நுரையீரல் கழுவின தண்ணி கன்ட்ரோலுக்குத் தெளிவா வருது, ஹை டோஸுக்கு அரிசி கழுவின மாதிரி. காதுல ரெண்டு வெட்டு எலியை ரம்யாவை எடுக்கச் சொல்லிட்டு நான் லேபிள் ஒட்டினேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. அம்மாகிட்ட சொல்லிட்டேன். அழுதா. அப்புறம் ரசப்பொடி அனுப்புறேன்னா.

ஃபில்டர் வெயிங் ரூம்ல காயுது, ஈரம் ஒரே அளவுக்கு வந்தாத்தான் போடணும். முதல் எடை நோட்ல இருக்கு. நாளைக்கு ஒன்பது மணிக்கு