எஃபிஷியன்சி கம்மியா வருதா, முதல்ல மால்ட் அரைச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்க

வீட்ல பீர் போடறவங்க யாராவது எஃபிஷியன்சி, அதாவது மால்ட்ல (முளைகட்டிக் காயவச்ச தானியம்) இருந்து கிடைக்கக்கூடிய சர்க்கரையில எத்தனை சதவீதம் கைக்கு வருதுங்கறது, வரமாட்டேங்குதுன்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது மாஷ் (அரைச்ச மால்ட்டை சுடுதண்ணியில ஊறவைக்கிறது) டெம்பரேச்சரை இல்ல, மால்ட்டை அரைச்சது யாருன்னுதான். அரைச்சே வாங்குற மால்ட் எல்லாருக்கும் ஒத்துவரணும், யாருக்கும் ஸ்பார்ஜ் (மால்ட் மேல சுடுதண்ணி ஊத்தி மிச்ச சர்க்கரையை அலசி எடுக்கறது) அடைச்சுக்கக் கூடாதுன்னு பல இடத்துல கொஞ்சம் பெருசாவே உடைச்சுக் குடுப்பாங்க, அதுல உடையாத மணி தங்கிடும், அதுக்குள்ள இருக்கிற ஸ்டார்ச் பக்கத்துல என்சைம் போகவே முடியாது, சர்க்கரையா மாற வேண்டியது சக்கையோட சக்கையா வெளிய போயிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 5 கிலோ பேல் மால்ட்ல 20 லிட்டர் வோர்ட் (மாஷ்ல இருந்து வடியிற சர்க்கரைத் தண்ணி) எடுத்தா, 70 சதவீதம் எஃபிஷியன்சிக்கு, அதோட அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.052 கிட்ட காட்டும், அதே மால்ட் 80 சதவீதத்துல 1.060 கிட்ட வரும்.

மில் வாங்கறதுன்னா ரெண்டு ரோலர் வச்சதா வாங்குங்க. பிளேடு வச்ச மிக்ஸி வேணாம், அது உமியையும் சேர்த்துப் பொடியாக்கிடும், அப்புறம் வோர்ட்டை வடிகட்ட எதுவும் இருக்காது, மாவெல்லாம் பசையாகி அடைச்சுக்கும். உமி முழுசா இருக்கணும், உள்ள இருக்கிறது மட்டும் குருணையா உடையணும், இதுதான் முழு வித்தையே.

ரெண்டு ரோலருக்கும் நடுவுல இருக்கிற கேப்பை 1 மில்லிமீட்டர்ல ஆரம்பிங்க, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) வச்சு ரெண்டு ஓரத்துலயும் அளங்க. ஒரு கைப்பிடி அரைச்சு வெள்ளைப் பேப்பர்ல பரப்பி, உமியை விரலால நசுக்கிப் பாருங்க, நுனியில வெள்ளையா கட்டி ஒட்டிக்கிட்டிருந்தா இன்னும் 0.1 குறைக்கலாம், உமி கிழிஞ்சு தூளாகியிருந்தா கூட்டுங்க. கோதுமை மால்ட் மணி சின்னது, உமியும் கிடையாது, அதனால அதைத் தனியா 0.8 கிட்ட வச்சு அரைக்கிறது நல்லது. பைக்குள்ள போட்டு மாஷ் பண்றவங்க இன்னும் நைஸா போகலாம், வடிகட்டுறதைப் பை பாத்துக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை ஒண்ணு இருக்கு, அரைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மால்ட் எடையில 2 சதவீதம் தண்ணி, அதாவது 5 கிலோவுக்கு 100 மில்லி, ஸ்ப்ரே பாட்டில்ல தெளிச்சு கையால கிளறி 10 நிமிஷம் விட்டுடுங்க. உமி தோல் மாதிரி வளைஞ்சு குடுக்கும், உடையாது, கேப்பை இன்னும் நெருக்கினாலும் ஸ்பார்ஜ் ஓடும். ஈரம் அதிகமானா ரோலர்ல ஒட்டும், அதுல மட்டும் கவனம்.

எஃபிஷியன்சி ஏறுறதை விட பெரிய லாபம்னு நான் நினைக்கிறது, ஒவ்வொரு தடவையும் ஒரே நம்பர் வர்றதுதான். கேப் உங்க கையில இருந்தா ரெசிபியை நம்பி எழுதலாம், எத்தனை கிலோ போட்டா எவ்வளவு வரும்னு முன்கூட்டியே தெரியும். முழு மணியா வச்சிருந்தா மால்ட் மாசக்கணக்குல கெடாது வேற, அரைச்சதோ சீக்கிரமே வாசம் போயிடும்.

மில்லை டிரில்ல மாட்டி ஓட்டுறவங்க மெதுவாவே ஓட்டுங்க, வேகம் கூடினா உமி கிழியும். அப்புறம் ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கிற பாத்திரம்) இருக்கிற ரூம்ல அரைக்காதீங்க, மால்ட் தூசியில லாக்டோபேசிலஸ்ங்கற பாக்டீரியா நிறைய இருக்கும், அது உள்ள விழுந்தா பீர் புளிச்சிடும்.