ஆட்டோ எஞ்சின் சூடு: காற்றுக் கசிவை அடைத்த முறை

குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஆள் நிறைந்த ஆட்டோ இழுவை குறைந்து தட்ட ஆரம்பித்தால், முதலில் கைவைப்பது ஆயிலிலும் கார்புரேட்டரிலும்தான். அவையும் பார்க்க வேண்டியவையே. ஆனால் காற்றில் குளிரும் பின்னெஞ்சின் ஆட்டோவில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினில் மின்சாரம் தரும் மேக்னட்டோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் தள்ளும் காற்று, கவருக்குள் போய், சிலிண்டர் ஃபின்களின் (சூட்டை வெளியே விடும் மெல்லிய உலோக இதழ்கள்) இடுக்கு வழியாக வெளியேற வேண்டும். இடுக்கு வழியாகப் போகாமல் பக்கத்து ஓட்டையில் நழுவும் காற்றால் ஒரு பயனும் இல்லை. சிறு விமானங்களின் காற்றுக்குளிர் எஞ்சின்களிலும் இதே விதிதான். மூக்கில் நுழையும் காற்று மேல் அறையில் அழுத்தமாகத் தேங்கி, ஃபின் வழியாகக் கீழே இறங்கும். மேல் அறையின் ஓரம் முழுக்க சிலிக்கான் ரப்பர் பட்டை வைத்து அடைத்திருப்பார்கள். எங்கள் ஒர்க்ஷாப்பில் ஆட்டோவுக்குச் செய்வதும் அதே வேலை.

முதலில் சுத்தம். கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்டோக்களில் அடையும் அழுக்கு இடத்துக்கு இடம் மாறும். ஈத்தாமொழிப் பக்கம் தும்பு ஏற்றும் வண்டிகளில் நார்த்துகள் ஃபின் இடுக்கில் சிக்கி, எண்ணெயோடு சேர்ந்து மெத்தைபோல் படிந்துவிடும். ரப்பர் தோட்டத்துச் செம்மண் வழியில் ஓடுபவற்றில் அது காய்ந்த சேறு. முட்டம், குளச்சல் கடலோரத்தில் அலுமினிய ஹெட் உப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ஃபேன் கவர், சிலிண்டர் கவர் இரண்டையும் கழற்றி, மண்ணெண்ணெயோ டீசலோ தடவி ஊறவிட்டு, மூங்கில் சீவலால் இடுக்கைக் கிளறுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஃபின் முனை உடைந்துவிடும். ஃபேன் இதழ் ஒன்று முறிந்திருந்தாலும் முழு ஃபேனையே மாற்ற வேண்டும். காற்று குறைவதோடு, எடை ஒரு பக்கமாகி அதிரவும் செய்யும். வால்வ் கவர் கேஸ்கெட்டில் (இணைப்பில் கசிவை அடைக்கும் பட்டை) ஆயில் கசிந்தால் அதை இப்போதே சரிசெய்துவிடுங்கள். கசிவு இருக்கும்வரை தூசி திரும்பத் திரும்ப ஒட்டும். ஃபின்னுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தால் குளிரும் என்பார்கள். ஃபேன் காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. தடிமனாக அடித்தால் சூட்டை உள்ளே பிடித்துவைக்கும்.

அடுத்து கசிவு தேடுதல். கவர்களைத் திரும்பப் பூட்டி, இருட்டியதும் ஃபேன் வாய் வழியாகச் சிறு எல்இடி விளக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் காற்று போகும் இடம். பெரும்பாலும் கசிவு இருப்பது மூன்று இடங்களில்: கவர் இரண்டும் சேரும் விளிம்பு, ஸ்க்ரூ தொலைந்த காது (கவரை ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் முனை), ஸ்பார்க் பிளக்குக்காகக் கவரில் உள்ள துளையை அடைக்கும் ரப்பர். இந்தக் கடைசியை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. 35 மி.மீ. துளை என்றால் ஏறத்தாழ 9.6 சதுர செ.மீ. திறப்பு. தடையே இல்லாத அந்த வழியைத்தான் காற்று முதலில் பிடிக்கும்.

விளிம்புக்கு உயர்வெப்ப சிலிக்கான் பேஸ்ட் போதும். ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் அடுத்த முறை கவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு விளிம்பைத் துடைத்துப் பேஸ்ட் போட்டு, எதிர் விளிம்பில் லேசாக கிரீஸ் தடவிப் பூட்டி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கேஸ்கெட் தயார். பெரிய இடைவெளிக்கு 3 மி.மீ. சிலிக்கான் ரப்பர் ஷீட்டை வெட்டி, பின்னால் அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடிக்கலாம். ரப்பரின் நாக்கு கவருக்கு உள்பக்கம் வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளழுத்தமே அதைச் சுவரோடு அழுத்தி அடைக்கும். வெளியே வளைந்தால் அழுத்தம் கூடக்கூட அது திறந்துகொள்ளும். பழைய டியூப் ரப்பர் இந்தச் சூட்டில் சீக்கிரமே வெடித்துப்போகும்.

அடைக்கிற வேகத்தில் காற்று வெளியேறும் வாயையும் அடைத்துவிடுபவர்கள் உண்டு. ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் அந்தத் திறப்பைத் தொடவே கூடாது. 35 டிகிரியில் நுழையும் காற்று 95 டிகிரியில் வெளியேறினால் அதன் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். அதனால் வெளிவாய் உள்வாயைவிடப் பெரிதாகவே இருக்க வேண்டும்.

அளந்து பார்க்காமல் வேலை முடிந்ததாகச் சொல்ல முடியாது. மெல்லிய பிளாஸ்டிக் டியூபை யு வடிவில் பலகையில் கட்டி, நிறம் கலந்த தண்ணீர் விட்டு, ஒரு முனையைக் கவருக்குள் ஃபின்னுக்கு முன்னால் வையுங்கள். முனை காற்றுக்கு நேராக இல்லாமல் குறுக்காக இருக்கட்டும். மறுமுனை வெளியே. எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடும்போது இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தை மி.மீ.யில் குறியுங்கள். கசிவை அடைத்தபின் அது கூட வேண்டும். ஆனால் ஃபின் அடைத்திருந்தாலும் இதே அழுத்தம் கூடும், காற்றோட்டமோ குறையும். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த அளவை ஒப்பிடக் கூடாது என்பது அதனால்தான்.

வெப்பத்துக்கு, பிளக்குக்கு அடியில் மாட்டும் வளைய சென்சாரும் அதை வாசிக்கும் கே-டைப் (ஒரு வகை வெப்பமானி) மீட்டரும் நல்லது. துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் குறைத்துக் காட்டும். அதையே பயன்படுத்துவதானால் சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் ஒரு புள்ளி வைத்து, அங்கே மட்டும் பிடியுங்கள். அதே ஏற்றம், அதே லோடு, அதே கியர். அன்றைய வெளிக்காற்றின் வெப்பத்தைக் கழித்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஃபேன் வாய்க்கு அருகிலும் ஒரு முறை அளக்க வேண்டும். வெளிக்காற்றைவிட அங்கே 10 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால், வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே போகிறது. பின்னால் தொங்கவிட்ட ரெக்சினும் மட்ஃபிளாப்பும் வழக்கமான காரணங்கள். ஆடிக்காற்றில் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் நோக்கிப் போகும்போது காற்று முதுகில் அடிக்கும். வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் போனால் எஞ்சினைச் சுற்றிய சூடு விலகாது. தொங்கும் துணியை எடுத்துவிட்டு, உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் நடுவே 1 மி.மீ. அலுமினியத் தகடு தடுப்பு வையுங்கள், சைலன்சரிலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி. பாடியில் ஓட்டை போட வேண்டாம். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்று) போகும்போது சிக்கலாகும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஏற்றத்தில் சூடானால் ஓட்டும் முறையைப் பாருங்கள். ஃபேன் எஞ்சினோடு கட்டுண்டது, அதன் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும்: வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். டாப் கியரில் முனகிக்கொண்டு ஏறினால் சூடு அதிகம், காற்று குறைவு. முன்கூட்டியே கியர் இறக்கிவிடுங்கள். மேலே சேர்ந்ததும் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். எல்பிஜி வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சி வாயுவாகவே நுழையும் எரிபொருளில் இல்லை. பிளக் மாற்றும்போதெல்லாம் அந்தத் துளை ரப்பர் திரும்ப மாட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.