தட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள்

ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளை காயை ஒதுக்கினால், முதலில் பார்க்க வேண்டியது காயை அல்ல, பசியை. பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட், அப்புறம் ஒரு டம்ளர் பால், நடுவில் ஜூஸ் என்று உள்ளே போயிருந்தால் ராத்திரி தட்டில் வைத்த பீன்ஸை யார் தொடுவார்கள்? பால் நல்லதுதான். ஆனால் நாளுக்கு அரை லிட்டரை வெகுவாகத் தாண்டினால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும். இரும்புச்சத்துள்ள உணவுக்கு இடமிருக்காது. சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும் போதும்.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த ஒரு பங்கீடு உண்டு. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். சாப்பிடலாமா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. கேட்க எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். "இன்னும் ரெண்டே வாய்" என்று நம் வாய் தானாகச் சொல்லிவிடும்.

புதுக் காயை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வைக்காதீர்கள். பக்கத்தில் பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஒரு சுவை பழக எட்டிலிருந்து பதினைந்து தடவை ருசி பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் நாலாவது தடவையே "இவனுக்கு இது பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாலும் அது கணக்கில் சேரும். துப்ப ஒரு காகிதத் துண்டு கொடுங்கள், திட்டு வேண்டாம். "இதை முடித்தால் ஐஸ்கிரீம்" என்பதுதான் மிக மோசமான பேரம்: காய் தண்டனையாகவும் ஐஸ்கிரீம் பரிசாகவும் மனதில் பதிந்துவிடும்.

சமையலிலும் பிழை நடக்கும். முட்டைகோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றும் அதிக நேரம் வெந்தால் கந்தக நாற்றம் கிளம்பும். பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பது அதற்குத்தான். புரோக்கோலியைச் சிறு பூக்களாக உதிர்த்து நாலைந்து நிமிடம் ஆவியில் வைத்து இறக்கினால் போதும். சிட்டிகை உப்பு கசப்பை அடக்கும்.

மதிய டப்பா தனிக் கதை. ஆறேழு வயதில் முன்பற்கள் விழுந்திருக்கும். முழு ஆப்பிளைக் கடிக்கவே முடியாது. துண்டு போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்து, அலசி, ஈரம் துடைத்து வையுங்கள். சீக்கிரம் கறுக்காது. ஈரத்தோடு மூடினால் மதியத்துக்குள் கொழகொழவென்று ஆகிவிடும், அப்படியே திரும்பி வரும். மூடியைப் பிள்ளையே திறக்கிறதா என்று வீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கப்படும் சர்க்கரையும் பழச்சாற்றுச் சர்க்கரையும் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது 40 கிராம், ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. 200 மில்லி ஜூஸ் பாக்கெட் ஒன்றிலேயே பெரும்பாலும் அதில் பாதி போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் எடை ஏறாவிட்டால், விழுங்கும்போது அடிக்கடி குமட்டினால், சாப்பிடும் பண்டங்களின் எண்ணிக்கை மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தால், அது அடம் இல்லை. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.