திருத்தும் கருவியும் அதன் கையேடும்: ஹட்டன் நாட்குறிப்பு

2025 செப்டெம்பர் 8, திங்கட்கிழமை

செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றின் கையேட்டை மதிப்பிட்டுத் தருமாறு கேட்டிருக்கிறார்கள். வேண்டிய மாற்றத்தை நாம் ஒரு வாக்கியத்தில் சொன்னால், என்8என் (n8n) என்ற தானியக்க மென்பொருளில் அமைத்த பணியோட்டத்தில் அதற்குரிய கணுக்களை, அதாவது ஒவ்வொரு படியையும் செய்யும் பெட்டிகளை, அந்த முகவர் சேர்க்கும், நீக்கும், இணைக்கும். கையேட்டின் நடை தெளிவாக இருக்கிறது; நிறுவும் முறையைச் சொல்லும் பகுதியில் குறை காண முடியவில்லை. ஆனால் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் வெற்றுத் திரையிலேயே தொடங்குகின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்தத்தான் இத்தகைய கருவியைப் பெரும்பாலோர் நாடுவார்கள் என்பதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

செப்டெம்பர் 9, செவ்வாய்க்கிழமை

சோதனைக்கு இவ்விடத்துத் தேயிலைத் தோட்ட வேலை ஒன்றையே எடுத்துக்கொண்டேன். மாலையில் கொழுந்து நிறுவை முடிந்த பின் கணக்கப்பிள்ளை படிவத்தில் பதியும் எடைகளைப் பெற்று, அன்றைய அளவை எட்டியவருக்கு முழுப் பேரும் (முழு நாள் சம்பளம்) எட்டாதவருக்கு அரைப் பேரும் (அரை நாள் சம்பளம்) குறித்து, அட்டவணையில் சேர்க்கும் ஒரு பணியோட்டம் அது. அரைப் பேர் பற்றிய தகராறு தோட்டங்களில் மிகப் பழையது. அதைக் கணினி தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை.

நிபந்தனைக் கணுவுக்கு இரண்டு வெளியீடுகள் உண்டு; பணியோட்டத்தைச் சேமிக்கும் கோப்பில் 0 என்பது நிபந்தனை பொருந்திய கிளையையும் 1 என்பது பொருந்தாத கிளையையும் குறிக்கும். இணைக்கும் கட்டளையில் இந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் என்ன நிகழும் என்று கையேட்டில் ஒரு சொல்லும் இல்லை. கொடுக்காமல் விட்டுப் பார்த்தபோது இரு கணுக்களும் 0 இலேயே இணைந்தன. அதனால் அளவை எட்டியவர்களுக்கு முழுப் பேரும் அரைப் பேரும் சேர்ந்து விழுந்தன, எட்டாதவர்களோ அட்டவணையிலேயே இல்லாமற் போனார்கள். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

செப்டெம்பர் 11, வியாழக்கிழமை

இன்று கணுவின் பெயரை மாற்றிப் பார்த்தேன். என்8என் கோப்பில் இணைப்புகள் கணுவின் அடையாள எண்ணைக் கொண்டல்ல, அதன் பெயரைக் கொண்டே எழுதப்படுகின்றன. பின்வரும் கணுக்களில் உள்ள கோவைகளும் (மதிப்பைக் கணித்தெடுக்கும் சிறு சூத்திரங்கள்) முந்திய கணுவைப் பெயர் சொல்லியே அழைக்கின்றன. திரையில் நாமே பெயரை மாற்றினால் இவற்றையெல்லாம் என்8என் தானே திருத்திக்கொள்ளும். கோப்பை நேரடியாகத் திருத்தும் முகவருக்கோ அந்த வசதி கிடையாது. ஒவ்வோர் இடத்தையும் அதுவே தேடி மாற்ற வேண்டும். இப்படிப்பட்ட விடயத்துக்குக் கையேடு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு வரி. என் சோதனையில் இணைப்பு மாறியது, கோவையில் பழைய பெயர் அப்படியே நின்றது, கருவியோ வெற்றி என்று அறிவித்தது.

தோட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் அதே பக்கத்தை வாசிக்கக் கொடுத்தேன். “இதுல பிழைச்சா பழையபடி எடுக்க ஏலுமா அண்ணே?” என்றுதான் முதலில் கேட்டார். மீட்கும் வழி கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

செப்டெம்பர் 12, வெள்ளிக்கிழமை

கருவி எம்சிபி வழியாக இயங்குகிறது. மொழி மாதிரிகளை வெளிக் கருவிகளுடன் இணைப்பதற்காக 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை அது. அதன்படி மொழி மாதிரிக்குக் கிடைப்பது ஒவ்வொரு கட்டளையின் பெயரும், சிறு விளக்கமும், உள்ளீட்டு வரையறையுமே. ஆகவே நாம் வாசிக்கும் கையேடு எவ்வளவு செம்மையானாலும், அந்தச் சிறு விளக்கத்தில் இல்லாததை முகவர் அறிந்திருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். நீக்குமுன் பயனரிடம் கேட்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. நீக்கும் கட்டளையின் விளக்கத்தில் அது இல்லை. அழிக்கும் இயல்பு அற்றது என்ற குறியை வேறு அக்கட்டளைக்கு இட்டிருக்கிறார்கள். எதுவும் குறிக்காமல் விட்டிருந்தால், அழிக்கக்கூடியது என்றே நெறிமுறை எடுத்துக்கொண்டிருக்கும்.

செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

அறிக்கையை அனுப்பிவிட்டேன். நிறுவும் பகுதியை அப்படியே ஏற்கலாம் என்றும், திருத்தும் பகுதியை ஓடும் பணியோட்டம் ஒன்றை வைத்துப் புதிதாக எழுத வேண்டும் என்றும், கட்டளை விளக்கங்களைக் கையேட்டின் பகுதியாகவே கருதிச் சேர்த்துத் திருத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். உதவி கேட்கும்போது கோப்பை முழுமையாக ஒட்டுமாறு சொல்லும் வரியை உடனே நீக்கச் சொன்னேன். ஏற்றுமதி செய்த கோப்பில் நற்சான்றுகளின் (பிற சேவைகளில் நுழைவதற்கான கடவுச்சொல் போன்றவை) பெயர்களும் அடையாள எண்களும் இருக்கும். சில கணுக்களில் இரகசியச் சாவியைத் தாங்கிய அங்கீகாரத் தலைப்புகளே வெளிப்படையாக இருக்கக்கூடும். கணுக்களின் பதிப்பு எண் மாறும்போது முகவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் திருத்திய கையேடு வந்த பின்னர் சோதிக்க வேண்டும்.