ஜிஃப் செய்யும் முன், அது எங்கே போகிறது என்று பாருங்கள்

அரட்டைச் செயலியில் ஜிஃப் பொத்தானைத் தட்டினால் வரிசையாக வந்து நிற்கும் ஆடும் பூனையும் தலையில் அடித்துக்கொள்ளும் ஆசாமியும் பெரும்பாலும் ஜிஃப் கோப்புகளே அல்ல. ஒலியை எடுத்துவிட்டு, முடிந்ததும் முதலிலிருந்து ஓடும்படி வைத்த குட்டி எம்பி4 வீடியோக்கள் அவை. ட்விட்டர் 2014 ஜூனில் ஜிஃப் ஏற்ற வசதி தந்தபோதே, ஏறியதை வீடியோவாக மாற்றித்தான் காட்டியது. படம் பகிரும் தளமான இம்கரும் அதே ஆண்டு அந்த வழிக்கு வந்தது. டெலிகிராம், வாட்ஸ்அப் இரண்டிலும் இன்று நடப்பது அதுதான்.

இது தெரியாததால் பலர் ஒரு வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் தெளிவான வீடியோ இருக்கும். அதை ஏதோ ஒரு மாற்றித் தளத்தில் கொடுத்து ஜிஃப் ஆக்குவார்கள். பிறகு அதை அரட்டையில் ஏற்றுவார்கள். முதல் மாற்றத்தில் வண்ணங்கள் 256 ஆகச் சுருங்கி, படம் முழுக்கப் பொடிப் புள்ளிகள் விழுகின்றன. செயலி அதை மறுபடி எச்.264 என்ற குறியாக்க முறையில் வீடியோவாக மாற்றும்போது, ஃபிரேமுக்கு ஃபிரேம் (வீடியோவின் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃபிரேம்) இடம் மாறும் அந்தப் புள்ளிகளையும் அசைவு என்றே எடுத்துக்கொள்கிறது. முகத்துக்குச் செலவிட வேண்டிய பிட்டுகள் புள்ளிகளுக்குப் போய்விடும். கடைசியில் கிடைப்பது சேறு பூசிய மாதிரி ஒரு படம்.

அரட்டைக்குத்தான் அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஜிஃப் பக்கமே போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவைத் தேர்ந்தெடுத்து, சில நொடிகள் மட்டும் மிஞ்சும்படி இரு முனைகளையும் இழுத்துக் குறுக்கினால் ஜிஃப் என்ற தெரிவு தோன்றும். அதைத் தட்டி அனுப்பினால் போதும். டெலிகிராமில் ஒலித்தடம் இல்லாத சிறு எம்பி4 கோப்பை அனுப்பினாலே அது ஜிஃப் போல ஓடும். நீங்களே எம்பி4 தயாரிப்பதானால் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும். எச்.264 வழக்கமாக நிறத் தகவலை இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் வைக்கிறது. அதனால் 481 பிக்சல் அகலம் கொடுத்தால் பல கருவிகள் பிழை காட்டி நின்றுவிடும். அதே காரணத்தால் சிவப்புப் பின்னணியில் மெல்லிய நீல எழுத்து போட்டால் ஓரங்கள் கரையும். மீம்களில் வருவதுபோல் வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை: வெளிச்ச வேறுபாடு முழு நுணுக்கத்தோடு சேமிக்கப்படுகிறது, நிற வேறுபாடு அப்படியில்லை.

சரி, உண்மையான ஜிஃப் எங்கே தேவை? மின்மடல், பழைய மன்றங்கள், வீடியோவை ஏற்காமல் படத்தை மட்டும் ஏற்கும் தளங்கள், செயல்முறை விளக்கப் பக்கங்கள். இங்கெல்லாம் படக் கோப்பு ஒன்றை வைத்தால் எதையும் அழுத்தாமல் தானாக ஓட வேண்டும். அந்த ஒரு குணத்துக்காகத்தான் இந்த வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு 1987 ஜூனில் வெளியிட்ட வடிவம் இது. மெதுவான மோடம் வழியாக வண்ணப் படங்களை அனுப்புவதே நோக்கம். நகைச்சுவைத் துணுக்கு யார் மனதிலும் இல்லை. 1989-ல் வந்த திருத்தப் பதிப்புதான் ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற தகவலையும், ஒளிபுகும் பிக்சலையும் சேர்த்தது. அதிலும் சுழற்சி கிடையாது. ஒரு முறை ஓடி நின்றுவிடும். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி தனக்கென்று ஒரு நீட்டிப்பைச் சேர்த்து, அதில் எத்தனை முறை ஓட வேண்டும் என்று எழுத இடம் தந்தது. அங்கே சுழியம் எழுதினால் முடிவில்லாமல் ஓடும். இன்றுவரை எல்லா உலாவிகளும் படிப்பது அந்த நீட்டிப்பைத்தான். நீங்கள் செய்த ஜிஃப் ஒரே தடவை ஓடி உறைந்து போனால், சேமிக்கும்போது ‘எப்போதும்’ என்ற தெரிவு விடுபட்டு, இந்த நீட்டிப்பு எழுதப்படாமல் போயிருக்கிறது என்று பொருள்.

இனி அளவு. எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், கணக்கு போட்டால் ஏன் என்று புரியும். ஜிஃப்பில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட், சுருக்குவதற்கு முன். 1920க்கு 1080 அளவில் நொடிக்கு 30 ஃபிரேம் கொண்ட 3 நொடித் துண்டை அப்படியே மாற்றினால் 90 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் சுமார் 20.7 லட்சம் பிக்சல். மொத்தம் ஏறக்குறைய 187 மெகாபைட். அதே துண்டை 480க்கு 270 ஆகச் சுருக்கி, நொடிக்கு 10 ஃபிரேம் வைத்தால் 30 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் 1,29,600 பிக்சல், மொத்தம் 3.9 மெகாபைட். ஜிஃப் பயன்படுத்தும் எல்இசட்டபிள்யூ என்ற சுருக்க முறை இதை மேலும் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பது படத்தைப் பொறுத்தது: ஒரே வண்ணம் வரிசையாக நீளும் கார்ட்டூன் நன்றாகச் சுருங்கும்; இலை அசையும் மரம் சுருங்கவே சுருங்காது. தர அளவை நகர்த்திப் பார்ப்பதற்கு முன் அகலம், வேகம், நீளம் மூன்றையும் குறைத்துவிடுங்கள். வேறெந்த உபாயமும் இவற்றுக்கு ஈடாகாது.

வேகத்தில் ஒரு பழைய சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஃபிரேம் நிற்கும் நேரம் நூறில் ஒரு பங்கு நொடிகளில், முழு எண்ணாக மட்டுமே எழுதப்படும். 4 என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், 5 என்றால் 20, 8 என்றால் 12.5, 10 என்றால் 10. சரியாக 30 வராது. 3 கொடுத்தால் 33.3 ஆகிவிடும், அசைவு கொஞ்சம் வேகமாகத் தெரியும். ‘இன்னும் வேகமாக ஓடட்டும்’ என்று 0 அல்லது 1 கொடுத்தால் உலாவிகள் அதை நம்பாமல் 10 என்று வைத்துக்கொள்ளும். படம் வேகமாக ஓடுவதற்குப் பதில் ஆமையாகிவிடும். முகபாவத்துக்கு 8 அல்லது 10 போதும். கை தட்டல், குதித்தல் போன்றவற்றுக்கு 5. அதற்குக் கீழே போக வேண்டிய தேவை மிக அரிது.

துண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் செலுத்துங்கள், கருவிகளைவிட அதுதான் முக்கியம். கேமரா நிலையாக நிற்கும் காட்சியாக இருக்க வேண்டும். கேமரா நகர்ந்தால் எல்லாப் பிக்சலும் மாறும், கோப்பும் வீங்கும். கடைசி ஃபிரேமில் ஆள் நிற்கும் நிலையும் முதல் ஃபிரேமில் நிற்கும் நிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரு புள்ளிகளைத் தேடி வெட்டினால் சுழற்சி தெரியாது. அப்படிக் கிடைக்கவில்லை என்றால் முன்னும் பின்னுமாக ஓட விடலாம். அதில் பெரும்பாலானோர் விடும் பிழை, திருப்பிய பாதியின் இரு முனை ஃபிரேம்களையும் அப்படியே வைத்துவிடுவது. 20 ஃபிரேம் இருந்தால் 1 முதல் 20 வரை, பிறகு 19 முதல் 2 வரை, மொத்தம் 38. நாற்பதாக வைத்தால் இரண்டு முனைகளிலும் ஒரே ஃபிரேம் இரட்டிப்பாகி, ஒரு விக்கல் விழும். ஒரு காட்சி மங்கி மற்றொன்றாகும் உத்தியைத் தவிர்த்துவிடுங்கள். மங்கும்போது மொத்தத் திரையும் மாறுவதால் கோப்பு பல மடங்காகும்.

வண்ணப் பட்டியல் விஷயத்தில் கருவி முக்கியமாகிறது. ஒரு வண்ணப் பட்டியலுக்கு 256 இடம்தான். எல்லா வீடியோவுக்கும் பொருந்தும் பொதுப் பட்டியலைப் போடும் மாற்றிகள்தான் தோலைப் பச்சையாக்குகின்றன. கட்டளை வரியில் இயங்கும் இலவச வீடியோ கருவியான எஃப்எஃப்எம்பெக்கில் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்: முதலில் அந்தத் துண்டிலிருந்தே ஒரு பட்டியலை உருவாக்க வைத்து, பிறகு அதைக் கொண்டு ஜிஃப் எழுத வைப்பது. பட்டியல் உருவாக்கும் கட்டத்தில் வேறுபாட்டு முறையைத் தேர்ந்தெடுத்தால் அசையும் பகுதிகளின் வண்ணங்களுக்கு அதிக இடம் கிடைக்கும்; சுவர் மட்டும் கொஞ்சம் நிறம் இழக்கும், அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

இல்லாத வண்ணங்களை இருக்கும் வண்ணங்களின் புள்ளிகளால் ஒப்பேற்றுவது டிதரிங். ஃபிளாய்டு-ஸ்டைன்பர்க் முறை ஒற்றைப் படத்துக்கு அழகு. அசையும் படத்தில் ஓர் இடத்தில் பிக்சல் மாறினாலும் அதன் நிறப் பிழை பக்கத்துப் பிக்சல்களுக்குப் பரவி, நிலையான சுவரில்கூடப் புள்ளிகள் மினுக்கும், கோப்பும் பெரிதாகும். பேயர் முறையில் புள்ளிகள் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் மினுக்கம் இல்லை, சுருக்கமும் நன்றாக நடக்கும். அதன் அளவுகோல் 0 முதல் 5 வரை. எண் கூடக் கூடப் புள்ளிக் கட்டம் மறையும், ஆனால் வானம் போன்ற இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். 3-ல் தொடங்கிப் பாருங்கள். கட்டளை வரி ஒத்துவரவில்லை என்றால், மேக் கணினியில் ஜிஃப்ஸ்கி என்ற இலவசச் செயலி போதும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வெவ்வேறு பட்டியல் அமைத்து, பார்ப்பதற்கு ஆயிரக்கணக்கான வண்ணம் இருப்பதுபோல் காட்டும். விலை, கோப்பின் எடை. முடிந்தபின் ஜிஃப்சிகிள் என்ற ஜிஃப் சுருக்கும் கருவியில் மூன்றாம் நிலைச் சீரமைப்பும், இழப்பு அளவு 30 முதல் 80-க்குள்ளும் கொடுத்தால் கணிசமாக இளைக்கும். 100-ஐத் தாண்டினால் கிடைமட்டக் கீறல்கள் தெரியத் தொடங்கும்.

எழுத்து வைப்பதில் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பு, கணினி நினைவில் மெய்க்குப் பின்னால்தான் இருக்கிறது. எழுத்துரு இயந்திரம்தான் அதை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாத கருவியில் ‘பொறு’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு வந்து நிற்கும். எஃப்எஃப்எம்பெக்கின் நேரடி எழுத்து வசதி பழைய பதிப்புகளில் இப்படித்தான் சொதப்பும். அதற்குப் பதில் வசனக் கோப்பாக (சப்டைட்டில்) எழுதி வீடியோவில் பதித்தால் சரியாக வரும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்க வேண்டும். எதுவும் சரிவராவிட்டால் வாசகத்தைத் தனியே ஒளிபுகும் படமாகச் செய்து மேலே ஒட்டுங்கள். வாசகம் முதல் ஃபிரேமிலிருந்தே இருக்கட்டும். வேர்டு இயந்திரத்தால் மடலைக் காட்டும் பழைய அவுட்லுக் பதிப்புகளில் முதல் ஃபிரேம் மட்டுமே தெரியும். சிரிப்பு ஏழாவது ஃபிரேமில் இருந்தால் அந்த வாசகருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

பின்னணி இல்லாத உருவம் வேண்டுமென்றால் ஜிஃப்பை விட்டுவிடுங்கள். அதில் ஒரு பிக்சல் முழுதாக ஒளிபுகும், அல்லது முழுதாக மறைக்கும். பாதி ஒளிபுகல் கிடையாது. வெள்ளைப் பின்னணியில் வெட்டிய தலைமுடி கறுப்புத் திரையில் வெள்ளை ஓரத்தோடு தெரிவது அதனால்தான். ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதன் மேல் குவிந்து பேய் நிழல்போல் தெரிந்தால், முந்தைய ஃபிரேமை அழிக்கும் தெரிவைப் போட மறந்திருக்கிறீர்கள். வெப்பி, ஏபிஎன்ஜி (அசையும் பிஎன்ஜி) ஆகிய பட வடிவங்கள் இரண்டிலும் ஓரம் மென்மையாக வரும். மொசில்லா 2004-ல் தொடங்கிய ஏபிஎன்ஜி, 2025 ஜூனில் வெளியான பிஎன்ஜி மூன்றாம் பதிப்பில்தான் அதிகாரப்பூர்வமாக உள்ளே வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நல்ல வடிவம் அது, உலாவிகள் அதற்குள் ஏற்கெனவே ஆதரவு தந்துவிட்டன.

வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வெப்பி வடிவில், சரியாக 512க்கு 512 பிக்சல். நிலையானது 100 கிலோபைட்டுக்குள், அசைவது 500 கிலோபைட்டுக்குள், மொத்த ஓட்டம் 10 நொடிக்கு மிகாமல். ஒரு தொகுப்பில் 3 முதல் 30 வரை. அசைவதையும் அசையாததையும் ஒரே தொகுப்பில் கலக்க முடியாது. தொகுப்பு ஏறாமல் போவதற்கு அடிக்கடி இதுவே காரணம். தொகுப்பின் அடையாளப் படம் 96க்கு 96, 50 கிலோபைட்டுக்குள். உருவத்தைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளை விளிம்பு கொடுங்கள், இருண்ட அரட்டைப் பின்னணியில் கறுப்பு முடி மறைந்துபோகாது. விளிம்புக்கு வெளியே 16 பிக்சல் காலியிடம் விடுங்கள். டெலிகிராமின் வீடியோ ஸ்டிக்கர் இன்னும் கறார்: வெப்எம் கோப்பு, விபி9 குறியாக்கம், ஒரு பக்கம் 512 பிக்சல், 3 நொடி, நொடிக்கு 30 ஃபிரேம் வரை, 256 கிலோபைட், ஒலித்தடம் இருக்கவே கூடாது. ஒலியை ஊமையாக்கினால் போதாது, தடத்தையே நீக்க வேண்டும்.

ஒன்றைச் செய்யாதீர்கள்: திரை முழுவதும் பளிச் பளிச்சென்று மாறும் ஜிஃப். ஒளிச் சிமிட்டலால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், தானாக ஓடும் படத்தை அவர்களால் நிறுத்த முடியாது. வலை அணுகல் வழிகாட்டி நெறிகள் சொல்லும் எல்லை, நொடிக்கு மூன்று சிமிட்டல். ஃபிரேம் நேரம் 10 என்று வைத்து கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வைத்தால், ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்து ஒரு சிமிட்டல் என்பதால், நொடிக்கு ஐந்து ஆகிவிடும். நேரத்தை 20 ஆக்குங்கள், 2.5-க்கு இறங்கிவிடும்.